நீல் தீவு ஓலைக் குடிலில் நான்கு இரவு: அம்மாவுக்குக் கூரை பிடிக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கிய இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறை கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன், அதனால் அங்கே வேலை பார்க்கும் பையன்களுக்குத் திட்டு விழ வேண்டாம். தவிர, அந்தமானின் நீல் தீவில் மூங்கில் குடில், ஓலைக் கூரை, கொசுவலை, வாசலில் பலகையில் கையால் எழுதிய 'ஈகோ ரிசார்ட்' (இயற்கையைக் கெடுக்காத தங்குமிடமாம்) என்று இதே ஜாடையில் பல இடங்கள் இருக்கின்றன. எதற்குப் போனாலும் நான் எழுதுவதில் முக்கால்வாசி உங்களுக்குப் பொருந்தும்.

போனது நாலு பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், அப்புறம் எழுபது தாண்டிய எங்கள் அம்மா. அம்மாவைக் கூட்டிப்போக முதலில் யோசனையாகத்தான் இருந்தது. குடில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கட்டைக் கால்மேல் நிற்கிறது, ஏசி கிடையாது, குளியலறைக்குக் கூரை கிடையாது என்று படத்திலேயே தெரிந்தது. "நான் பிறந்ததே கூரை வீட்டிலதான், என்னை என்ன பயமுறுத்துற?" என்று கேட்டார். மன்னார்குடி பக்கத்துக் கிராமம். சரி என்று டிக்கெட் போட்டுவிட்டோம். ஓர் இரவுக்கு ஒரு குடில் 4,800 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. இரண்டு குடில் எடுத்தோம். ஏசி அறை இதைவிடக் கம்மிக்குக் கிடைக்கும் தீவில் இது விலை ஜாஸ்திதான், அதைப் பிறகு பேசுகிறேன்.

போகிற வழி பற்றி ஒன்றிரண்டு விஷயம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, போர்ட் பிளேர். அங்கிருந்து படகு. தனியார் படகு என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஆயிரத்துக்கு மேலே. அரசுப் படகு மலிவு, ஆனால் டிக்கெட் கிடைப்பது அவரவர் ஜாதகம். பெயர்களில் குழம்பாதீர்கள். 2018 டிசம்பரில் நீல் தீவை ஷஹீத் த்வீப் என்றும் பக்கத்து ஹேவ்லாக் தீவை ஸ்வராஜ் த்வீப் என்றும் மாற்றினார்கள், 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயர், படகுத்துறையில் கூவும் ஆளின் வாயில் இன்னொரு பெயர். வீட்டுக்காரர் வேறு படகு வரிசையில் பத்து நிமிடம் நின்றார்.

நீல் என்றால் நீலக் கடல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜேம்ஸ் நீல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் பெயர் அது என்கிறார்கள். 1857 கலகத்தை ஈவிரக்கமில்லாமல் அடக்கிய அதே நீல்தான். நம் ஊர் மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது, அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகமே நடந்தது, கடைசியில் ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937-ல்தான் அகற்றினார்கள். இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். பையனுக்குப் படகில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுக்கு வாந்தி வராமல் இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி குடில். தரை மூங்கில் பிளாச்சு, நடந்தால் கிரீச் என்கிறது, பக்கத்துக் குடிலில் யார் எழுந்தாலும் தெரியும். சுவரும் மூங்கில் பாய்தான். கட்டில் கெட்டி, மெத்தை சுமார், விரிப்பு சுத்தமாக இருந்தது. ஒரு மின்விசிறி, ஒரு குண்டு பல்பு, ஒரே ஒரு பிளக். கொசுவலையில் ஓட்டை இல்லை, முதல் வேலையாக அதைப் பார்த்தேன். கூரை தென்னங்கீற்று என்றுதான் நினைத்தோம், அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு இது தென்னை இல்லை என்றார். அங்கே தானி என்று சொல்கிற நிப்பா பனையின் ஓலையாம், உப்பங்கழி ஓரம் சேற்றில் வளர்வது. அந்தமானில் பழைய வீடுகளுக்கெல்லாம் அதுதான் கூரை. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே அடங்கித்தான் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட விசிறி இல்லாமல் படுக்க முடிந்தது என்றால் நம்புங்கள்.

அம்மா மட்டும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரிச்சு நல்லா நெருக்கமா கட்டியிருக்கான். முகட்டுலதான் ஓலை போதாது. சாய்ப்பும் கம்மி. மழை வந்தா இங்க ஒழுகும், பாரு" என்று கட்டிலின் தலைமாட்டைக் காட்டினார். மேலாளரிடம் சொன்னேன். ஒழுகாது மேடம், ஈகோ ரூஃப், நன்றாகத் தாங்கும் என்றார்.

இரண்டாம் நாள் ராத்திரி மழை பிடித்தது. டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே இன்னும் மழை முழுதாக ஓய்ந்திருக்காது, போகிறவர்கள் கவனிக்கவும். சரியாக அம்மா காட்டிய இடத்தில், தலையணையில், சொட்டு சொட்டாக விழுந்தது. அம்மாவுக்குக் கோபமே இல்லை, ஜெயித்த முகம்தான். கட்டிலை நகர்த்திப் போட்டு, சொட்டுகிற இடத்தில் குளியலறை வாளியை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். நான்தான் வாளியில் விழும் சத்தத்தை விடிய விடிய எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் மேலாளர் மன்னிப்புக் கேட்டார், வேறு குடில் தருவதாகச் சொன்னார், நிரம்பி வழிகிறது என்று மாலையில் சொன்னார்.

வானம் பார்த்த குளியலறையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சுற்றி நாலு பக்கமும் மூங்கில் தட்டி, தரையில் கூழாங்கல், மேலே தென்னை மட்டை, அதற்கு மேலே ஆகாயம். காலை ஐந்தரைக்குச் சூரியன் வந்துவிடுகிறது, ஆறு மணிக்கு அங்கே நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்வது ஒரு சுகம், மறுக்கமாட்டேன். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், லேசாக உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. குழாய் திறந்தால் சன்னமாகத்தான் வரும், வாளியில் பிடித்துக் குளியுங்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இது சரியான காரியம். சின்னத் தீவில் நிலத்தடியில் இருக்கும் நல்ல தண்ணீர் அத்தனையும் பெய்த மழைதான், கண்டபடி உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும். பக்கத்தில் தோட்டம் போடுகிறவர்களுக்கும் அதே தண்ணீர்தான்.

அங்கேதான் பச்சைப் பல்லியைப் பார்த்தோம். கிளிப்பச்சை, முதுகில் செம்புள்ளி, பகலில் சுற்றும், அந்தமானில் மட்டுமே இருக்கும் வகை. தட்டி மேலே ஒட்டிக்கொண்டு எங்களைத் தலை சாய்த்துப் பார்த்தது. அது அம்மாவின் தோளில் தொப்பென்று விழுந்தது ஒரு நாள். இடது தோளா வலது தோளா என்று பஞ்சாங்கத்துக்கு யோசித்தவர், "பச்சைக்குப் பலன் போட்டிருக்க மாட்டான்" என்று விட்டுவிட்டார்.

மணல் ஈ. இதை ஒரு பயல் எழுதமாட்டேன் என்கிறான். கண்ணுக்குத் தெரியாது, கடிக்கும்போதும் தெரியாது, ராத்திரி ஆரம்பிக்கும் அரிப்பு. பையனுக்குக் கணுக்காலில் மட்டும் முப்பது தடிப்பு எண்ணினோம். கடற்கரையில் ஈர மணலில் துண்டை விரித்துப் படுப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மறுநாள் தெரியும். விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் அதிகம். அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி, போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப் பையன், "அக்கா, கொசு மருந்தெல்லாம் இதுக்குக் கேக்காது, தேங்காய் எண்ணெய் தடவுங்க, ஈ வழுக்கி விழும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தான். வழுக்கி விழுந்ததோ என்னவோ, தடிப்பு குறைந்தது. சொறியாமல் இருக்கப் பாருங்கள், புண்ணானால் உப்புத் தண்ணீரில் ஆறவே ஆறாது.

சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தீவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வந்தவர்கள் ஊர்களுக்கு ராமாயணப் பெயராக வைத்துக்கொண்டார்கள்: சீதாப்பூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர். நெல்லும் காய்கறியும் நன்றாக விளைகிறது, அந்தமானின் காய்கறிக் கூடை என்றே இதைச் சொல்வார்கள். சமையல்காரரும் வங்காளிதான், ஐம்பது வயது இருக்கும். பாறை மீனைக் கடுகு அரைத்த குழம்பில் போட்டு, மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி வைத்தார். அம்மா முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டார், இரண்டாம் நாள் இன்னொரு கரண்டி கேட்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல் அம்மாவைக் காணோம். தேடிப் போனால் சமையல்கட்டுப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, சமையல்காரரோடு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார். இவருக்கு வங்காளமோ இந்தியோ ஒரு வார்த்தை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஒவ்வொரு பூவாக எடுத்து, நுனியை உள்ளங்கையில் தேய்த்து விரித்து, நடுவில் நிற்கும் கள்ளனைப் பிடுங்கிப் போடுகிறார்கள், கூடவே கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும் அந்தச் சின்ன இதழையும். கை ஒரே தாளத்தில் போகிறது. அவர் நம்மைப் போல மோரில் போடவில்லை, மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டார். அதற்கு மட்டும் அம்மா கொஞ்சம் முகம் சுளித்தார். ராத்திரி அது உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்து ஒரு மசாலாவாக வந்தது, லேசாக இனிப்பு. எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

அந்தச் சமையல்கட்டுப் பின்னால்தான் எனக்கு மனசு விட்டுப்போனதும். அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, தாழம்புதர் மறைவில், என் இடுப்பளவு உயரத்துக்குக் காலி தண்ணீர் பாட்டில். எல்லாம் ஒரு லிட்டர். அறைக்குத் தினமும் இரண்டு வைக்கிறார்களே, அதுதான். எங்கே போகும் என்று தம்பியைக் கேட்டேன். "படகு வந்தா எடுத்துட்டுப் போவாங்க அக்கா" என்றான். எப்போது வரும் என்று கேட்டதற்குச் சிரித்தான். தீவுக்கு வருவதெல்லாம் படகில் வருகிறது, திரும்ப ஏற்றி அனுப்பாவிட்டால் அங்கேயேதான் கிடக்கும், அல்லது எரியும். ஓர் ஓரத்தில் எரித்த கரி இருந்தது, நான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். ஏசி இல்லை, ஈகோ. டிவி இல்லை, ஈகோ. சுடுதண்ணீர் இல்லை, அதுவும் ஈகோ. துண்டு தினமும் மாற்றமாட்டோம், ஈகோ. முதலாளிக்குச் செலவு குறைகிற விஷயங்கள் அத்தனையும் இயற்கையின் பெயரால் நடக்கிறது. ஒரு பெரிய வடிகட்டியை வாங்கி வைத்து எல்லோரும் சொம்பில் பிடித்துக் குடியுங்கள் என்றால் அதற்குச் செலவு ஆகும், அது மட்டும் நடக்கவில்லை. வரவேற்பில் சிரட்டையில் செய்த ஸ்பூனை விற்கிறார்கள், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்கள்.

விளக்கு விஷயமும் அப்படித்தான். கடற்கரையைப் பார்த்து இரண்டு பெரிய ஃபோகஸ் லைட், ராத்திரி பதினொரு மணி வரை. பெசன்ட் நகரில் ஒருமுறை ஆமை நடை (ராத்திரியில் ஆமை முட்டைகளைத் தேடிக் கடற்கரையில் நடப்பது) போயிருக்கிறேன், அங்கே கூட வந்த மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகும், கரையில் வெளிச்சம் இருந்தால் கரைப்பக்கமே ஏறி வந்து செத்துப்போகும். அந்தமானில் ஆமை கரையேறும் மாதங்கள் இவை. மேலாளரிடம் சொன்னேன், விருந்தினர்கள் பயப்படுகிறார்கள் மேடம் என்றார். மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடுகிற ஊர், பயம் வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் கரண்ட் போனபோது ஒரு முக்கால் மணி நேரம் எல்லாம் அணைந்தது, அப்போதுதான் நாங்கள் நட்சத்திரத்தையே பார்த்தோம், யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. பிறகு ஜெனரேட்டர் டமடமவென்று ஆரம்பித்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் குடில்களை நுழைத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக் கொட்டகைக்கு நடுவே ஒரு மரம் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. காய்கறி பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் சைக்கிளில் வருகிறது. வேலை செய்பவர்கள் தீவுக்காரர்கள் அல்லது போர்ட் பிளேர்க்காரர்கள், யாரும் டிப்ஸுக்குக் கை நீட்டி நிற்கவில்லை. பையன் உடைத்த கண்ணாடி டம்ளருக்குக் காசு வாங்கவில்லை.

கடலைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு போங்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கரையை ஒட்டிப் பவளப் பாறை, அதனால் வற்றம் (கடல் உள்வாங்கும் நேரம்) என்றால் குளிக்கவே முடியாது. கால் மைல் தூரத்துக்குக் கல்லும் குட்டையும்தான். முதல் நாள் பிற்பகல் நீச்சல் உடையோடு ஓடிப்போன பையன் அழுதுவிட்டான். நாங்கள் போனது கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள், அந்தச் சமயம் கடல் ரொம்ப உள்வாங்கும், ஏறும்போதும் அதிகமாக ஏறும். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போல நேரம் தள்ளிப்போகும். அறை போடும்போதே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீந்த ஆசை என்றால் ஏற்றம் பகலில் வசதியான நேரத்தில் வரும் நாள், லக்ஷ்மண்பூர் இயற்கைப் பாலம் பார்க்க ஆசை என்றால் வற்றம் பகலில் வரும் நாள். ஏற்றத்தில் அந்தப் பாலத்துக்கு நடந்து போகவே முடியாது. வங்காளிகள் அதற்கு ஹௌரா பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அலை குடைந்த பாறை வளைவு. என்னைக் கேட்டால் பாலத்தைவிடப் போகும் வழியில் இருக்கும் குட்டைகள்தான் விசேஷம். கடல் அட்டை, கடல் முள்ளெலி, ஊதா உதட்டோடு வாயைத் திறந்து மூடும் பெரிய சிப்பி. வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது, பின்னால் வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கரையில் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட எடுத்து வராதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுகிறார்கள், எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு புதுமணத் தம்பதி படாதபாடு பட்டார்கள்.

கையில் ரொக்கம் வேண்டும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட இணையக் கம்பி 2020-ல் போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக்குக்கும் வந்தது, அந்தப் பட்டியலில் நீல் இல்லை. மேலாளரின் போனில் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், பணம் போனதா போகவில்லையா என்று இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

விலைக்குத் தகுந்த இடமா என்றால், 4,800-க்கு இல்லை. 3,000 என்றால் ஒழுகினாலும் போவேன். தூங்கும்போது சத்தம் கூடாது, பூச்சி கூடாது என்கிறவர்கள் படகுத்துறைப் பக்கம் சிமெண்ட் கட்டடத்தில் அறை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முட்டிவலி உள்ளவர்களுக்கு அந்த மூன்றடிப் படி சிரமம், கைப்பிடி இல்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், எங்கள் பையன் நாலு நாளும் போனைத் தொடவில்லை. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு ஓட்டப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற அன்று காலை எட்டரைக்குப் படகு. ஏழு மணிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், தலைக்கு மேலே சரசரவென்று சத்தம். வெளியே வந்து பார்த்தால் அந்தத் தம்பி கூரை மேலே முகட்டில் காலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான், கீழே அம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு அடுக்கு வைப்பா. மடிச்சு வை. அந்தப் பக்கமும் இறங்கட்டும்" என்று வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். புது ஓலைக் கட்டு நாலைந்து கீழே கிடக்கிறது. மேலாளரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கு என்ன புரிந்ததோ. முடித்து இறங்கியவனிடம் அம்மா நூறு ரூபாய் கொடுத்தார், வாங்க மறுத்தான், சட்டைப் பையில் திணித்தார்.

வரவேற்பில் பில்லைக் கொடுத்தார்கள். சாப்பாடு, ஸ்கூட்டர், படகுத்துறைக்கு ஆட்டோ எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில், கூடுதலாகக் கேட்டு வாங்கிய தண்ணீர் பாட்டில் இரண்டு, நாற்பது ரூபாய்.